நாலு விரல் இடம்

தளக்.

சத்தம்தான் முதலில் வந்தது. தவலைக்குள் பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்த சுப்புத்தாய், குழம்பு கிண்டிய கரண்டியோடு திரும்புவதற்குள் இன்னொரு தளக், ஒரு மூச்சு விட்டு இன்னொன்று, ஒரு மூச்சு விட்டு இன்னொன்று என்று விழுந்துகொண்டே இருக்க, அவள் குனிந்து பார்த்தபோது பல்லியும் இல்லை, கரப்பானும் இல்லை, தண்ணீரின் நடுவில் ஒரு குழி விழுந்தது, மூடியது, மூடிய இடத்திலேயே மறுபடி விழுந்தது, தெறித்த தண்ணீர் அவள் மூக்குத்தியை நனைத்தது.

"ஆருடி அது?" என்று அவள் தவலையைக் கேட்டாள்.

தவலை பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அண்டா தளக் என்றது, எதிர்வீட்டு வாளி தளக் என்றது, கருத்தப்பாண்டியின் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பேசினும், பிள்ளையார் கோயில் செம்பும், நாய்க்கு வைத்த சட்டியும், பல் செட்டு ஊறப் போட்டிருந்த ஒரு டம்ளரும் ஒரே நேரத்தில் அடிவாங்கி ஒரே நேரத்தில் தெறித்தன. கொஞ்ச நேரம் அப்படி அடித்து, பிறகு நின்றுவிட்டது. முந்தானை நனைந்த பெண்கள் தெருவுக்கு வந்து ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"மதினி, உங்க வீட்லயுமா?"

"ஊற வச்ச புளியக்கூட விடலடி. சுவரெல்லாம் புளி."

தெருவின் மேற்குக் கோடியில், தன் வீட்டு வாசலில், ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்துக்கு முன்னால் குத்தவைத்திருந்த முத்துப்பேச்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. குடத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "இது எம்மக கை. பச்சப்பிள்ளையில குளிப்பாட்டும்போது இப்படித்தான் அடிப்பா."

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமும் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சியின் மகள் மாரீஸ்வரிக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது, பிறக்கும்போதே அங்கே முடிந்திருந்தது. எங்கள் ஊருக்கு ஊரணிப்பட்டி என்று பேர் இருந்தாலும் ஊரணியில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள், சீமைக்கருவேலம்தான் பவுண்டரி. தண்ணீர் தேங்குகிற ஒரே இடம் ஊருக்கு வெளியே பழைய கல்கிடங்கு. ஆடு தேடிப் போன மாரீஸ்வரி அதற்குள் இறங்கி நீந்தப் பழகினாள். ஒரு கை மட்டும் இழுப்பதால் வட்டமாகத்தான் போவாள், எந்தக் கரைக்கும் போய்ச் சேராமல் நடுக்கிடங்கில் சுற்றிச் சுற்றி வருவாள். கரையில் இருந்த பிள்ளைகள் அவளுக்குச் செக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். "ஏ செக்கு, எண்ணெ எவ்வளவு வந்துச்சு?" என்று கத்துவார்கள். அவள் வாயில் தண்ணீரை வாங்கி அவர்கள் மேல் துப்புவாள்.

பள்ளிக்கூடப் போட்டிக்காகப் போன இடத்தில், மாவட்ட விளையாட்டு மைதானத்து நீச்சல்குளத்தில் அவளைப் பார்த்த பிரிட்டோ என்கிற கோச், அவள் மூன்று வட்டம் போடுகிறவரை பொறுத்திருந்துவிட்டு, குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்று மட்டும் சொன்னாராம். "வலது கையில அவசரப்படுற. இடது கைக்கும் ஒரு முறை இருக்குல்ல? அது வந்து அடிச்சிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் நீட்டிப் படுத்திரு. அப்புறம் வலதைப் போடு." அவள் காத்திருந்தாள். இல்லாத கைக்கு அதன் முறையைக் கொடுத்தாள். முதல்முறையாக நேராகப் போய் எதிர்ச்சுவரைத் தொட்டாள். அங்கே அடிக்காமல் போன அந்த இடதுகை அடிகள்தான் இங்கே எங்கள் தவலைகளிலும் வாளிகளிலும் விழுந்தன.

அதன் பிறகு ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. தண்ணீர் பிடிக்கும்போது விளிம்பு வரை பிடிக்கிற வழக்கம் போய், எல்லோரும் நாலு விரல் குறைத்துப் பிடித்தார்கள். மாரீஸ்வரி கைக்கு நாலு விரல் இடம் என்று அதற்குப் பேர் வந்தது, புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் பயிற்சி எடுக்கிற அதிகாலையில் யாரும் உலை வைப்பதில்லை, குழந்தையைக் குளிப்பாட்டுவதில்லை. கருத்தப்பாண்டி கடை வாசலில் சிலேட்டுத் தொங்கவிட்டான்: "மாரீஸ்வரி நீச்சல் முடிந்த பிறகே டீ." அச்சாபீசில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து அப்போதுதான் கண்ணை மூடுகிற எங்களுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம். தலைமாட்டில் வைத்த சொம்பு தளக் தளக் என்று அடிக்க, தூக்கமும் வராமல் விழிப்பும் வராமல், எங்கோ ஒரு பிள்ளை நமக்காக மூச்சு வாங்குகிறாள் என்கிற நினைப்போடு புரண்டுகொண்டிருப்போம். ஒன்றிரண்டு வீடுகளில் மூடி போட்ட பானை தளக் என்பதற்குப் பதில் டங் என்றது. அதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒன்றியத்திலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்து, இரண்டு வீட்டில் பார்த்து, "பிரஷர்" என்றார். குழாயே இல்லாத வீட்டு வாளியில் என்ன பிரஷர் சார் என்று கேட்டதற்கு, "அது வேற டிபார்ட்மென்ட்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

மாரீஸ்வரி மாநிலப் போட்டிக்குப் போனாள், ஜெயித்தாள். சென்னை விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரிகள் அவள் கையை டேப் வைத்து அளந்தார்கள், பிறகு தண்ணீரில் விட்டும் பார்த்தார்கள், ஒரு கைதான் என்று முடிவுசெய்தார்கள். அன்றைக்கு மத்தியானம் பூரா எங்கள் வீடுகளில் தரை காயவே இல்லை. "பதக்கம் அவளுக்கு, மாப்பு எனக்கு" என்று சுப்புத்தாய் புலம்பினாள். ஆனால் மாரீஸ்வரிக்குக் காய்ச்சல் வந்து அடி சோர்ந்து விழுந்த வாரத்தில், தவலைக்குள் கைவைத்துப் பார்த்து, "அடி வலுவே இல்லடி முத்துப்பேச்சி, கஞ்சி குடிச்சாளான்னு ஒரு போனைப் போட்டுக் கேளு" என்று முதலில் ஓடி வந்தவளும் அவள்தான்.

முதல் தேசியப் பதக்கத்துக்கு ஊரே பிளெக்ஸ் வைத்தது. படத்தை வடிவமைத்த பையன், பிள்ளை பாவம் என்று நினைத்து, வேறு யாருடைய படத்திலிருந்தோ ஒரு கையை வெட்டி அவள் இடதுபக்கம் ஒட்டிவிட்டான். பஸ்ஸைவிட்டு இறங்கிய மாரீஸ்வரி பையைத் தோளில் வைத்தபடியே அண்ணாந்து பார்த்தாள்.

"கருத்தப்பாண்டிண்ணே, இது யாரு கை? மோதிரம் போட்டிருக்கு!"

"மாப்பிள்ளை கையா இருக்கும்த்தா."

"முடி இருக்குண்ணே. எனக்கு வேண்டாம்" என்று சிரித்தாள். ஏணி வாங்கிவரச் சொல்லி, தானே ஏறி, பிளேடால் அந்தக் கையை அறுத்து எடுத்தாள். அந்த இடத்தில் பிளெக்சில் ஓட்டை விழுந்து பின்னாலிருந்த வானம் தெரிந்தது. இப்பத்தான் கை நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆனால் ஊரில் இரண்டு நாளுக்கு மேல் அவளால் இருக்க முடியவில்லை. வாசலில் உட்கார்ந்தால், போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். "போன புதன்கிழமை ஏம்மா தண்ணி அடிக்கல? தூங்கிட்டியா?" "அன்னைக்கு ஏன் பாதியில நின்னுச்சு? அழுதியா?" அவள் அன்றைக்கு அழுதது நிஜம்தான். இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள்: "நான் ஒரு நாள் சும்மா படுத்துக் கிடந்தாக்கூட ஊருக்கே தெரியுது. அந்தக் கை என்னோடதா, இவங்களோடதாம்மா?"

"உன்னோடதுதான். நாங்க தண்ணி மட்டும் வச்சிருக்கோம்."

"எனக்கு அதத் தொட்டதே இல்லன்னு இருக்கும்மா. எல்லார் வீட்டுக்கும் வந்துட்டுப் போகுது, எங்கிட்ட மட்டும் வரல."

முத்துப்பேச்சிக்கும் அதுதான் மனசில் இருந்தது. அடிக்கிற நேரத்தில் குடத்துக்குள் எத்தனையோ தடவை கைவிட்டுத் துழாவிப் பார்த்திருக்கிறாள். குழி விழும், தண்ணீர் தெறிக்கும், விரலில் எதுவும் தட்டுப்படாது. அதைச் சொல்லாமல் மகள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்தாள்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்தது, அடுத்த வருஷமும் பொய்த்தது. கல்கிடங்கின் அடியில் ஆடுகள் நின்று சேற்றை நக்கின. குழாயில் காற்று வந்தது. லாரித் தண்ணீருக்குத் தெருவே குடங்களைக் கயிறு போட்டு வரிசையாகக் கட்டிவிட்டு வெயிலில் காத்துக் கிடந்தது, சில நாள் லாரி வரும், சில நாள் ஹாரன் மட்டும் கேட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அந்த நாட்களிலும் விடிந்தும் விடியாமல் மாரீஸ்வரி நீந்தினாள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு கை தண்ணீர் தெறித்துத் தரையில் விழுந்து காணாமல் போனது. பெண்கள் வட்டில்களைக் குடத்தைச் சுற்றி வைத்துப் பிடித்தார்கள், துணி விரித்துப் பிழிந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் முத்துப்பேச்சிக்குத் தாங்க முடியவில்லை. அவளைக் கண்டதும் தெருவில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய தேர்வு வந்தது. வடக்கே, பேர் எங்கள் வாயில் நுழையாத ஓர் ஊரில். காலையில் ஐம்பது மீட்டர், சாயங்காலம் நூறு மீட்டர். நூறில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் வெளிநாட்டுப் போட்டிக்கான அணியில் பேர் இருக்கும். வராவிட்டால் அடுத்தது நாலு வருஷம் கழித்து, அதுவரை விடுதியில் வைத்திருக்க மாட்டார்கள், ஊருக்குத் திரும்பித் தீப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான். மாரீஸ்வரி இதை அம்மாவிடம் சொன்னாள், அம்மா தெருவுக்குச் சொன்னாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் வந்த லாரி பாதித் தெருவுக்குத்தான் காணும்படி இருந்தது. முத்துப்பேச்சிக்கு ஒரு குடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து இறக்கிவைத்தவள், நாளைக்கு இந்தத் தெருவில் எத்தனை குடம் தண்ணீர் தன் மகளால் தரையில் சிந்தும் என்று நினைத்துப் பார்த்தாள், நினைத்ததும் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் குடத்தின் வாயில் கவிழ்த்தாள், அது போதாது என்று அம்மிக் குழவியையும் தூக்கி மேலே வைத்தாள். பிறகு வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் மூடிட்டேன். நீங்களும் மூடிக்கோங்க. எம்மக கெட்டிக்காரி, அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

பெற்றவளே மூடிய பிறகு மற்றவர்கள் திறந்து வைத்தால் அது அவளைக் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்து, அவள் மனசு நோகக்கூடாதே என்பதற்காகவே எல்லா வீட்டிலும் மூடினார்கள். தட்டு, பலகை, அரிசி புடைக்கிற முறம், பாடப்புத்தகம் என்று கிடைத்ததை எல்லாம் போட்டு, மேலே கல்லும் வைத்தார்கள்.

மறுநாள் காலை ஐம்பது மீட்டர். டங். டங். டங். தெரு முழுக்கத் தகரம் அடிபட்டது, தட்டுகள் துள்ளின, முத்துப்பேச்சியின் அம்மிக் குழவி உருண்டு விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. முத்துப்பேச்சி காதைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, கடைசியா வந்தேன்."

"என்னடி ஆச்சு?"

"தெரியலம்மா. கைக்குத் தண்ணியே கிடைக்கல. வைக்கிற எடத்தில எல்லாம் தகரமா இருந்துச்சு. கை முடியுற எடம் கன்னிப்போயிருக்கு. கோச் ஐஸ் வச்சிட்டிருக்காரு." மாரீஸ்வரியின் குரல் இறங்கியது. "சாயங்காலமும் இப்படித்தான் இருக்குமாம்மா? அப்படின்னா இப்பவே சொல்லு. நான் எறங்கல."

முத்துப்பேச்சி குடத்தின் மேலிருந்த தட்டைப் பார்த்தாள். தட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, சின்னதாக, ஒரு பெண்ணின் உள்ளங்கை அளவுக்கு. "எறங்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தெருவுக்கு வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தட்டை உயர்த்திக் காட்டினாள். சுப்புத்தாய் வாங்கிப் பார்த்தாள். பள்ளத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"நீதானடி மொதல்ல மூடுன, கூறுகெட்டவளே" என்றாள். "உன் மானத்துக்கு மூடுன, உன் மொகத்துக்காக நாங்க மூடுனோம். அங்க பிள்ள அடிபடுது. ஏ கருத்தப்பாண்டி, எல்லாத்தையும் வெளிய எடுத்து வைக்கச் சொல்லு. வீட்டுக்குள்ள வச்சா தரை குடிச்சிரும். தெருவுல வச்சு, குடத்துக்குக் குடம் ஒட்டி வச்சா, தெறிக்கிற தண்ணி பக்கத்துக் குடத்துலயாவது விழும்."

"என் குடத்துத் தண்ணி உன் குடத்துல விழுந்தா?" என்றாள் ஒருத்தி.

"திருப்பித் தந்துருவேன், சாமி சத்தியமா. இப்பத் தூக்கு."

வெயில் சாய்வதற்குள் முத்துப்பேச்சி வாசலிலிருந்து வறண்ட ஊரணிப் படித்துறை வரைக்கும் மஞ்சள், பச்சை, ஆரஞ்சுக் குடங்களும் தவலைகளும் வாளிகளும் அண்டாக்களும் வாயோடு வாய் ஒட்டி நேர்கோடாக நின்றன. இடைவெளி விட்ட இடத்தில் டம்ளர்களை வைத்து அடைத்தார்கள். பிள்ளையார் கோயில் செம்பு நடுவில் நின்றது. பல் செட்டு டம்ளரும் வந்திருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். அச்சாபீஸ் ஷிப்டுக்குக் கிளம்பிய நாங்களும் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றோம்.

தளக்.

எப்போதும் எல்லாப் பாத்திரத்திலும் ஒன்றாக விழுகிற அடி, அன்றைக்கு முதல் குடத்தில் மட்டும், முத்துப்பேச்சியின் மஞ்சள் குடத்தில் மட்டும் விழுந்தது. ஒரு மூச்சு. பிறகு சில குடம் தள்ளி ஒரு தவலையில். ஒரு மூச்சு. பிறகு அண்டாவில். அடி தெருவில் நீந்திப் போனது. குடத்திலிருந்து எழுந்த தண்ணீர் அடுத்த குடத்தில் விழ, அதிலிருந்து எழுந்தது அதற்கடுத்ததில் விழ, கோயில் செம்பு கிண்ணென்று ஒலிக்க, கிழக்கே கிழக்கே என்று போய், படித்துறையில் கடைசி வாளியில் சுழித்துத் திரும்பியது. ஓடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கழுத்து மட்டும் அதோடு திரும்பியது.

"வேகம் கூடுதா, குறையுதா?" என்று கருத்தப்பாண்டி கேட்டான்.

"சும்மா இரு" என்றார்கள்.

திரும்பி வருகிற அடியை எதிர்நோக்கித் முத்துப்பேச்சி தன் குடத்தருகே குனிந்தாள். குடம் காலியாக இருந்தது. காலையில் தட்டில் விழுந்த அடியில் மஞ்சள் குடத்தின் அடிப்பாகம் விரிசல் விட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, இப்போது விழுந்த முதல் அடியில் அது பிளந்து, இருந்த தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, காலடியில் ஈரம் மட்டும் இருந்தது. தளக், டீக்கடைப் பக்கம். தளக், வேப்பமரத்தடியில். கடைசி அடி விழ வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக்.

அவள் பக்கத்தில் இருந்த சுப்புத்தாயின் தவலைக்குள் இரண்டு கைகளையும் விட்டு அள்ளினாள்.

"ஏ, என் தண்ணி..." என்று ஆரம்பித்த சுப்புத்தாய் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

முத்துப்பேச்சி மண்டியிட்டு, காலிக் குடத்துக்கு மேலே, தண்ணீர் ததும்பும் கைகளை ஏந்தினாள். தவலையில் ஒரு அடி விழுந்தது. ஒரு மூச்சு. பிறகு அவள் கைக்குள் வந்து விழுந்தது. சத்தம் அதிகமில்லை. அவள் விரல்கள் தானாக மூடிக்கொண்டன, எதையோ பிடித்துக்கொண்ட மாதிரி, ஒரு கணம் மூடியே இருந்தன. விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகி முழங்கை வழியாக இறங்கிப் போனது.

அப்புறம் ஒன்றுமில்லை. சுவரைத் தொடுவது வலது கை. அதன் சத்தம் எங்கள் ஊருக்கு வராது. நீந்தி முடித்தாள் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் தெரியும், எத்தனையாவது வந்தாள் என்பது தெரியாது. தெரு முழுக்கத் தண்ணீர் ஆடி ஆடி அடங்கியது. முத்துப்பேச்சி கையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

போன் வந்தபோது அதைச் சுப்புத்தாய்தான் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, ரெண்டாவதும்மா! ரெண்டாவது! பேரு வந்திருச்சு!"

தெரு கத்திய கத்தலில் பிளெக்சிலிருந்த காக்கை பறந்தது. கருத்தப்பாண்டி யாரையோ கட்டிப்பிடித்து, அது வட்டிக்காரர் என்று தெரிந்ததும் விட்டான். சத்தம் அடங்கும்வரை மாரீஸ்வரி போனிலேயே காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, அங்க என்ன பண்ணீங்க?"

"ஏண்டி?"

"தண்ணி எப்பவும் சில்லுன்னு இருக்கும். இன்னைக்குக் கடைசி அடி மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. யாரோ பிடிச்ச மாதிரி இருந்துச்சும்மா."

முத்துப்பேச்சி தன் கையைப் பார்த்தாள். சுப்புத்தாய் வேறு பக்கம் பார்த்தாள்.

"வெயிலுல வச்சிருந்தோம்" என்றாள் முத்துப்பேச்சி. "சாப்பிட்டியா?"

மறுமுனையில் மாரீஸ்வரி, "இனிமேத்தான்" என்றாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கிழக்கே லாரி ஹாரன் கேட்டது. இது பக்கத்து ஊருக்குப் போகிற ஹாரனா நம் ஊருக்கு வருகிற ஹாரனா என்று ஒரு நிமிஷம் எல்லோரும் காதைத் தீட்டி நின்றுவிட்டு, வருகிறதுதான் என்று தெரிந்ததும் தள்ளுமுள்ளாக ஓடினார்கள். "என் தண்ணி ரெண்டு கை பாக்கி, மறந்துராத" என்று சொன்ன சுப்புத்தாய், முத்துப்பேச்சியின் விரிசல் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் பச்சைக் குடம் ஒன்றை அவள் இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

நாங்கள் சைக்கிளை எடுத்தபோது முத்துப்பேச்சி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்திருக்கவில்லை. அவள் முறை வந்தது. குழாயைக் குடத்துக்குள் விட்டுப் பிடித்தாள், தண்ணீர் ஏறி வந்தது, கழுத்தைத் தாண்டியது. பின்னால் நின்றவள் "ரொப்பிக்கோக்கா" என்றாள். முத்துப்பேச்சி விளிம்புக்குள் விரலை வைத்து அளந்து, நாலு விரல் இடம் விட்டு, குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றிக் கொடுத்தாள்.